சீறும் பூனைக்குட்டியை வீட்டில் எடுத்து வளர்ப்பது எப்படி? மார்க்கமும் மருத்துவமும் சொல்வது

வைக்கோல் போர், பழைய ஓட்டு வீட்டின் பரண், விறகு அடுக்கு, பூட்டிக் கிடக்கும் கடையின் பின்பக்கம் என்று நம் கலவையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் பூனை குட்டி போடாத இடம் இல்லை. ஒரு நாள் காலையில் மெல்லிய கத்தல் கேட்கும். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். உள்ளங்கை அளவுள்ள குட்டி, முடியைச் சிலிர்த்துக்கொண்டு, காதை மடக்கி, "ஸ்ஸ்" என்று சீறும்.

அதன்பின் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, பிள்ளைகள் ஆசையில் வெறுங்கையால் பிடித்துக் கடிபடுகிறார்கள். அல்லது, "சனியன் தொலையட்டும்" என்று பெரியவர்கள் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ பக்கத்து ஊர் சந்தையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். முதலாவதில் மனித உயிருக்கு ஆபத்து இருக்கிறது. இரண்டாவதில் மறுமையில் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இருக்கிறது.

பூனை வாய் வைத்த தண்ணீரில் உளூ செய்யலாமா? உடையில் பூனை முடி இருந்தால் தொழுகை கூடுமா? குட்டி கீறினால் ஊசி போட வேண்டுமா? கருத்தடை செய்வது ஆகுமா? இப்படி நம்மிடம் தாய்மார்களும் மக்தப் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் பல. அவற்றையெல்லாம் சேர்த்து, ஒரு தெருப் பூனைக்குட்டியை வீட்டுக்குள் எடுத்து, அதன் பயத்தைப் போக்கி வளர்ப்பது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

குட்டி ஏன் சீறுகிறது?

மனிதனோடு பூனை வாழத் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்கு அருகிலேயே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததைத் தொல்லியல் அறிஞர்கள் கண்டெடுத்து 2004இல் வெளியிட்டார்கள். தானியம் சேர்த்து வைத்த மனிதனிடம் எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. நம் வீட்டு நெல் குதிருக்கும் அதே கதைதான்.

ஆனால் பூனையிடம் ஒரு தனித்தன்மை உண்டு. மனிதனோடு பழகும் குணத்தை ஒவ்வொரு குட்டியும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். தாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டி மனிதனை வேட்டை மிருகமாகத்தான் பார்க்கும். பிறந்த 2ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரை உள்ள காலமே பழகுவதற்கு உகந்த காலம் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் மனிதரோடு பழகிய குட்டி ஆயுள் முழுக்க மனிதரை நம்பும். அதைத் தவறவிட்ட குட்டிக்கு நாளும் பொறுமையும் அதிகம் தேவைப்படும்.

ஆகவே சீறுவது கெட்ட குணத்தின் அடையாளம் ஆகாது. அது பயம். பயந்த பிராணியைப் பிடித்து அழுத்தினால் பயம் கூடும். உணவும் அமைதியும் கொடுத்துக் காத்திருந்தால் பயம் குறையும். இனி நாம் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

மார்க்கத்தில் பூனையின் இடம்

ஒரு பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடுக்காமல், பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தின்று பிழைக்கவும் விடாமல் சாகடித்த பெண் அதன் காரணமாக நரக வேதனைக்கு ஆளானதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள ஹதீஸ். இதில் ஒரு சட்டமும் இருக்கிறது. பூனையை அடைத்து வைத்தால் உணவு கொடுப்பது கடமை. உணவு கொடுக்க முடியாவிட்டால், அது தானாக இரை தேடிக்கொள்ளும்படி விட்டுவிட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. பழகாத குட்டியை வீட்டில் அடைத்து வளர்க்கப் போகிறவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதைத்தான்.

5,374 ஹதீஸ்களை அறிவித்த நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பட்டப்பெயருக்கே 'பூனைக்குட்டியின் தந்தை' என்றுதான் பொருள். குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்த நாட்களில் ஒரு சிறு பூனைக்குட்டியை வளர்த்ததாகவும், இரவில் அதை ஒரு மரத்தில் விட்டுவிட்டுப் பகலில் உடன் கொண்டுபோய் விளையாடியதாகவும், அதனால் இந்தப் பெயர் வந்ததாகவும் அவர்களே சொன்னது திர்மிதியில் வருகிறது.

அதேநேரம், பரவலாகச் சொல்லப்படும் சில செய்திகளைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். நபி (ஸல்) அவர்களிடம் 'முஅஸ்ஸா' என்றொரு பூனை இருந்தது, அது உறங்கியபோது எழுப்ப மனமின்றித் தம் சட்டைக் கையை வெட்டிக்கொண்டு எழுந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. பூனையை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்று சொல்லப்படுவதும் இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். பூனையிடம் இரக்கம் காட்ட ஸஹீஹான ஹதீஸ்களே நமக்குப் போதும்.

தூக்குவதற்கு முன் பொறுத்துப் பாருங்கள்

குட்டி தனியாகக் கிடப்பதால் அது அநாதை என்று முடிவு செய்துவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கும். திரும்பி வரச் சில மணி நேரம்கூட ஆகலாம். மனிதர் பக்கத்தில் நின்றால் தாய் வராது. எனவே தூரத்தில், முடிந்தால் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து கவனியுங்கள். குட்டியைச் சுற்றித் தரையில் மெல்லிதாக அரிசி மாவு தூவி வைத்தால், நாம் பார்க்காத நேரத்தில் தாய் வந்து போனதைக் கால் தடம் காட்டிக் கொடுக்கும்.

குட்டியின் உடல் சுத்தமாக, வயிறு உருண்டையாக, அமைதியாகத் தூங்கிக் கிடந்தால் தாய் கவனித்துக்கொள்கிறது என்று பொருள். அப்போது தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் வைப்பதே சிறந்த உதவி. அழுக்கு படிந்து, விடாமல் கத்தி, தொட்டால் சில்லென்று இருந்தால் தாய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நாய்கள் சுற்றும் இடம், வண்டி போகும் பாதை, மழைத்தண்ணீர் ஏறும் இடம் என்றால் காத்திருக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். மனித வாடை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது பெரும்பாலும் உண்மையில்லை. ஆனால் ஆள் நடமாட்டம் அதிகமானால் தாய் குட்டிகளை இடம் மாற்றிவிடும்.

வயதைக் கண்டுபிடிப்பது

என்ன உணவு, எத்தனை நாள் பழக்கம் என்பதெல்லாம் வயதைப் பொறுத்தவை. பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். நல்ல பால் கிடைத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூடும். மளிகைக்கடைத் தராசே எடை பார்க்கப் போதும். கண் திறக்க 7 முதல் 14 நாட்கள் ஆகும். 3 வாரத்தில் முன்பற்கள் முளைக்கத் தொடங்கும், தள்ளாடி நடக்கும். 4 வாரத்தில் ஓடும், விளையாடும். எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் கண் நீலமாக இருக்கும். 6, 7 வாரத்தில் அந்த நிறம் மாறத் தொடங்கும். 8 வாரக் குட்டி ஏறத்தாழ 800 கிராம் இருக்கும். தெருவில் பட்டினி கிடந்த குட்டி இதைவிட எடை குறைவாக இருக்கலாம். எனவே எடையை மட்டும் பார்க்காமல் பல்லையும் பாருங்கள்.

பிடிக்கும் முறை

பிள்ளைகளை விலக்கி நிறுத்துங்கள். பிடிப்பது பெரியவர் வேலை. நம் பகுதித் தோல் தொழிற்சாலைகளில் தைக்கப்படும் கனமான தோல் கையுறை ஒரு ஜோடி வீட்டில் இருந்தால் நல்லது. தடித்த துண்டு ஒன்றைக் குட்டியின் மேல் போட்டு, தலை உட்பட மூடி, அப்படியே சுருட்டித் தூக்கி, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இறக்கி மூடுங்கள். இருட்டில் குட்டி அமைதியாகிவிடும். ஓடி ஒளியும் குட்டியைத் துரத்த வேண்டாம். பெட்டிக்குள் மீன் துண்டு வைத்து ஒரு நேரம் பொறுத்தால், பசியே அதை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் டேனரிகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புக் குழி, ரசாயன டிரம் அருகே கிடந்த குட்டியின் முடியில் வெள்ளையாகவோ பிசுக்காகவோ ஏதாவது ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரால் முதலில் நன்றாகக் கழுவி, துடைத்து, காயவைத்து விடுங்கள். பூனை தன் உடலை நக்கியே சுத்தம் செய்யும். முடியில் இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

கடித்தாலும் கீறினாலும்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம்.

தெருப் பூனைக்குட்டி கடித்தாலோ, தோல் கிழியும்படி கீறினாலோ செய்ய வேண்டியவை: உடனே குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். கட்டுப் போடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் ஊசியானால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள் என்று நான்கு தவணை. ஒன்றையும் விடக் கூடாது. இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். டாக்டரிடம் கேளுங்கள். ஓதிப் பார்ப்பது துஆ. அது ஊசியின் இடத்தைப் பிடிக்காது. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நபி (ஸல்) அவர்கள்தாம்.

"அத்தா அடிப்பாங்க" என்று பயந்து கீறலை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எதுவானாலும் சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

முதல் நாள்: சூடு, பிறகு உணவு

சிறு குட்டியின் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. குளிர்ந்து போன குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, உயிருக்கே ஆபத்தாகும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறு ஓரத்துக்கு நகர இடம் வேண்டும். உடல் கதகதப்பான பிறகே உணவு.

பசும்பால் வேண்டாம். அதிலுள்ள சர்க்கரை பூனைக்குட்டிக்குச் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கு வரும், சிறு குட்டிக்கு ஒரே நாள் வயிற்றுப்போக்கு போதும் உயிர் போக. வளர்ப்புப் பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கான பால்மாவு கிடைக்கும். பல் முளைக்காத குட்டிக்கு அதை இளஞ்சூட்டில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் கொடுக்க வேண்டும். குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுக்காதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு கீழே இருக்க, தாயிடம் குடிப்பதுபோல் படுக்கவைத்துக் கொடுங்கள். 3 வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்னும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிச் செய்வது இதைத்தான்.

4 வாரத்துக்கு மேல் போனால் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, முள் நீக்கிய மீன், குட்டிகளுக்கான பூனை உணவு கொடுக்கலாம். நம் வீடுகளில் மிஞ்சும் பிரியாணியை வைப்பது வழக்கம். அதில் உள்ள வெங்காயம், பூண்டு இரண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையைக் கிழிக்கும்.

காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் உள்ள பாராசிட்டமால் மாத்திரையில் துளிகூடக் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு விஷம். நாய்க்கு உண்ணி போக்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படியே. உண்ணி, குடற்புழு இரண்டுக்கும் கால்நடை மருத்துவர் எடைக்கு ஏற்ற மருந்து தருவார். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் அவரிடம் காட்டிவிடுங்கள்.

பயம் தெளியும் படிகள்

வீடு முழுக்க விட்டால் குட்டி பீரோவுக்கு அடியில் புகுந்துகொள்ளும், பிறகு யாரும் பழக்க முடியாது. ஒரு சிறிய அறை, இல்லாவிட்டால் பெரிய கூண்டு போதும். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஒரு ஓரத்தில் மணல் தட்டு, எதிர் ஓரத்தில் உணவும் தண்ணீரும்.

முதல் இரண்டு நாள் தொடாதீர்கள். உணவு வைத்துவிட்டு அறையில் ஒரு மூலையில் தரையில் உட்காருங்கள். புத்தகம் படியுங்கள், மெதுவாக ஓதுங்கள். மனிதக் குரல் வந்தால் உணவு வரும், வேறெதுவும் நேராது என்பதைக் குட்டி புரிந்துகொள்ள வேண்டும். உற்றுப் பார்க்காதீர்கள். பூனைக்கு அது மிரட்டல். கண்ணை மெல்ல மூடித் திறந்தால் பூனை நெருங்கி வர விரும்புகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து உணவுத் தட்டை ஒவ்வொரு வேளையும் உங்கள் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். பிறகு நீண்ட கரண்டியில் இறைச்சிக் கூழை நீட்டுங்கள். கரண்டியை நக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. அடுத்து விரலில் தடவிக் கொடுங்கள். சாப்பிடும்போது மட்டும் கன்னத்தையும் காதின் பின்புறத்தையும் ஒரு விரலால் தடவுங்கள். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவராதீர்கள், பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். ஒரு குச்சியில் நூல் கட்டி ஆட்டினால் விளையாட வரும். விளையாடும் குட்டி பயத்தை மறந்திருக்கிறது. நூலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், விழுங்கிவிடும்.

ஒரு நாளில் ஒரு மணி நேரம் பிடித்து வைப்பதைவிட, நான்கு முறை கால் மணி நேரம் உட்காருவது பலன் தரும். சீறினால் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், சட்டென்று எழுந்து ஓடவும் வேண்டாம். அசையாமல் இருங்கள். நாள் கணக்கு வயதைப் பொறுத்தது. 4, 5 வாரக் குட்டி சில நாட்களிலேயே மடியில் ஏறிவிடும். 8 வாரக் குட்டிக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். 3, 4 மாதம் ஆனதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஒருவரிடம் மட்டும் பழகி மற்றவரைக் கண்டால் ஓடலாம்.

வீட்டில் ஒருவரிடம் பழகிய பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துங்கள். பிள்ளைகளுக்கு உணவு வைக்கும் பொறுப்பைக் கொடுங்கள், தூக்கும் உரிமையைப் பிறகு கொடுக்கலாம். தான் விரும்பும் நேரத்தில் வராத ஓர் உயிருக்காகக் காத்திருக்கப் பழகும் பிள்ளை, மனிதரிடமும் அப்படி நடந்துகொள்ளக் கற்கும்.

உளூ, தொழுகை, சுத்தம்

அபூகதாதா (ரலி) அவர்களுக்கு உளூ செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்து வைத்தபோது ஒரு பூனை வந்து குடிக்க முயன்றது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து அதைக் குடிக்க விட்டார்கள். வியப்போடு பார்த்த மருமகளிடம், பூனை நஜீஸானதல்ல, உங்களைச் சுற்றிவரும் பிராணிகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி போன்ற நூல்களில் இது உள்ளது.

இதன்படி ஷாஃபிஈ மத்ஹபில் பூனை குடித்து மீந்த தண்ணீர் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில் அது தூய்மையானதே, வேறு தண்ணீர் இருக்கும்போது அதில் உளூ செய்வது சிறிய அளவில் வெறுக்கத்தக்கது. எலியைத் தின்று வாயில் இரத்தத்தோடு உடனே வந்து வாய் வைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ், பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். உடையில் ஒட்டிய முடியைப் பொறுத்தவரை ஹனஃபி மத்ஹபில் அது சுத்தமானது. ஷாஃபிஈ மத்ஹபில் சிறிதளவு முடி மன்னிக்கப்படும். எப்படியானாலும் தொழுகைப் பாயையும் தொழுகை உடையையும் குட்டி படுக்காத இடத்தில் வைப்பது எளிது.

மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். பூனை மலத்தின் வழியாக 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற கிருமி பரவலாம். கருவில் உள்ள குழந்தையை அது பாதிக்கும். மலம் வெளியாகி ஒரு நாளாவது கடந்த பிறகே அது தொற்றும் நிலைக்கு வருகிறது என்பதால் தினசரிச் சுத்தம் பெரிய பாதுகாப்பு. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும். அதற்காகப் பூனையையே விரட்ட வேண்டியதில்லை. சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறியாலும் இதே கிருமி வரும். பிள்ளைகளின் தோலில் வட்டமாகப் படை தெரிந்தால் குட்டியிடமிருந்து தொற்றிய படர்தாமரையாக இருக்கலாம். இருவருக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள்.

தடுப்பூசியும் கருத்தடையும்

ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை. ஆடு, மாடு, கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவது இங்கு யாருக்கும் புதிதில்லை. ஆனால் பூனைக்கும் தடுப்பூசி உண்டு என்றால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். 8 வாரத்திலிருந்து பூனைகளைக் கொத்தாகக் கொல்லும் வைரஸ் நோய்களுக்கான ஊசி, சில வாரம் கழித்து அதன் அடுத்த தவணை, 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் ஒன்று. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாதுகாப்பு.

பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். குட்டி போட்ட சில வாரங்களிலேயே மறுபடியும் சினை பிடிக்கும். இன்று ஒரு குட்டியை இரக்கப்பட்டு எடுத்த வீடு, அடுத்த ஆண்டு சாக்கைத் தேடும் வீடாக மாறுவது இப்படித்தான். எனவே கருத்தடை அறுவை சிகிச்சை பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவையின்றிப் பிராணியைக் காயடிப்பதை அனைவரும் கண்டிக்கிறார்கள். உண்ண ஆகாத பிராணிகளுக்கு இது கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. பயன் இருந்தாலோ தீங்கைத் தடுப்பதற்கோ ஆண் பூனையைக் காயடிப்பதில் குற்றமில்லை என்பது ஹனஃபி மத்ஹபின் ஃபதாவா ஆலம்கீரியில் உள்ளது. மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல், குட்டிகள் தெருவில் செத்து மடிவதைத் தடுக்கச் செய்யப்படும் இன்றைய அறுவை சிகிச்சையை அந்த அடிப்படையில் இக்கால அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அல்லாஹ் மிக அறிந்தவன்.

பழகாத பூனையை என்ன செய்வது?

எல்லாப் பூனையும் மடிக்கு வராது. வளர்ந்த தெருப் பூனை மனிதக் கையை ஆயுள் முழுக்க ஏற்காமல் போகலாம். அதை அடைத்து வைப்பது அதற்கு வேதனை. தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்து, பிடித்த இடத்திலேயே விட்டு, நாள்தோறும் ஒரு வேளை உணவு வைப்பது போதும்.

13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், ஆதரவற்ற பூனைகளுக்காகக் கெய்ரோவில் ஒரு தோட்டத்தையே வக்ஃபு செய்தார் என்று சொல்லப்படுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர், அந்தத் தோட்டம் கைமாறிப்போன பிறகும் காழியின் முற்றத்தில் பிற்பகல்தோறும் பூனைகளுக்கு உணவு வைக்கப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பூனைகளை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சவில்லை. உணவு மட்டும் நிற்கவில்லை. அறுப்பு நாட்களில் கொழுப்பும் சவ்வும் குப்பைக்குப் போகும் நம் தெருக்களில் இதற்குப் பெரும் செலவு ஒன்றும் ஆகாது.

சாக்கில் கட்டித் தொலைவில் விடுவதற்கு வருவோம். புது இடத்தில் ஏற்கெனவே உள்ள பூனைகள் அதை அண்ட விடா. எங்கே இரை, எங்கே தண்ணீர் என்று தெரியாது. பால் மறக்காத குட்டி என்றால் அது மெதுவாகக் கொல்வதே. வளர்த்த பிராணியைப் பசியால் தாகத்தால் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். சட்டம் பார்க்காத ஏரிக்கரையை அல்லாஹ் பார்க்கிறான்.

ஆகவே குட்டியை எடுப்பதற்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். உணவுச் செலவு யார் பொறுப்பு, ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார், ஊசிக்கு யார் தூக்கிப் போவார் என்று முடிவு செய்யுங்கள். நன்றாகப் பராமரிக்கப்படும் பூனை 15 ஆண்டுகள்கூட வாழும். அவ்வளவு நாள் முடியாது என்று தோன்றினால், பயம் தெளியும்வரை மட்டும் வளர்த்து, நம்பிக்கையான வேறு வீட்டில் ஒப்படைக்கலாம். அதுவும் முடியாதவர், குட்டி இருக்கும் இடத்திலேயே ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கட்டும். ஈரமான ஈரல் உள்ள ஒவ்வோர் உயிருக்குச் செய்யும் உதவிக்கும் கூலி உண்டு என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. கிண்ணம் தண்ணீரும் அதில் சேரும், இன்ஷா அல்லாஹ்.